நடிப்பும் பக்தியில் சேர்த்தியா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அப்பா போன பிறகு அம்மாவுக்காகப் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். தீபாராதனையின்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். மனசு ஷிஃப்ட் மாற்றத்திலும் வீட்டுக்கடன் தவணையிலும் கிடக்கிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணீர் விடுகிறார். எனக்கு ஒன்றும் வருவதில்லை. கடவுள் உண்டா என்பதிலேயே சந்தேகம். இது வெறும் நடிப்பு இல்லையா? ஒரு மாதம் லீவு போட்டுத் திருவண்ணாமலையில் போய் உட்கார்ந்தால் நம்பிக்கை வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடிப்புதான். ஆனால் இந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் பெரிய ஆள் ஒருவர் நிற்கிறார்.

“நாடகத்தால் உன்னடியார் போல் நடித்து நான் நடுவே வீடகத்தே புகுந்திடுவான் மிகப்பெரிதும் விரைகின்றேன்” என்கிறார் மாணிக்கவாசகர். அடியார் கூட்டத்தின் நடுவே அடியார் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு, சந்தடி சாக்கில் வீடுபேற்றுக்குள்ளே நுழைந்துவிடப் பார்க்கிறாராம். திருவாசகத்தில் நூறு பாட்டுகள் கொண்ட பகுதி திருச்சதகம்; அதில் இது பதினோராவது பாட்டு. முதல் பாட்டில் மெய் அரும்பி, விதிர்விதிர்த்து, கண்ணீர் ததும்ப நின்றவரும் இவரேதான். இன்னும் கொஞ்சம் தள்ளி ‘ஆனந்த பரவசம்’ என்ற தலைப்பில் பத்துப் பாட்டுகள் வருகின்றன. பொய்க்கு விதை அற்றுப்போகக் கூடாதென்றுதான் என்னை இங்கே வைத்திருக்கிறாய் என்று அவை தொடங்குகின்றன. அந்தப் பத்தில் கடைசிப் பாட்டு “யானே பொய் என் நெஞ்சும் பொய் என் அன்பும் பொய்”. தலைப்பு வைத்தவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.

அவருடையது அடக்கம், என்னுடையது நிஜமான சந்தேகம் என்பீர்கள். சரி, வித்தியாசம் உண்டுதான். கடவுள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னாலும் உங்களுக்குப் பதில் சொல்லித் தீர்க்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிட அதிகம் தெரிவது, பக்கத்தில் இருப்பவர் உருகுகிறார், நான் உருகவில்லையே என்ற வெட்கம். அதற்காகக் கோயிலை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. அம்மாவுக்காகப் போவதும் மட்டமான காரணம் இல்லை.

திருவண்ணாமலைக்கு ஒரு மாதம் வேண்டாம். தவணைத் தேதி அங்கேயும் வரும், போனும் கூடவே வரும். போவதென்றால் ஒரு நாள் ஆவுடையார்கோயில் போய்வாருங்கள். மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை அதுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் அடிப்பீடமான ஆவுடை மட்டும். எதிரே நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கொண்டுவந்து கல்மேடையில் கொட்டுவார்கள். எழும்பும் ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம். எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாத உங்களைப் போன்றவருக்கு அங்கே கொஞ்சம் சௌகரியமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பரவசம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஒன்றரை நிமிஷ ஆன்மீக வீடியோக்களை விட்டுவிட்டு, திருச்சதகத்தில் நாளுக்கு ஒரு பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் புரியாவிட்டால் உரையைப் பாருங்கள். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம், ஒன்றும் குற்றமில்லை. ஆவுடையார்கோயிலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓசூரிலிருந்து தூரம் அதிகம், முந்தின இரவே கிளம்பிவிடுவது நல்லது.