ஒரே கட்சி, ஒரே தொகுதி என்று கடைசிவரை இருந்த எம்.எல்.ஏ. இந்தியாவில் யாராவது உண்டா?

உண்டு. மகாராஷ்டிரத்தின் கணபத்ராவ் தேஷ்முக். சோலாப்பூர் மாவட்டம் சாங்கோலா தொகுதியில் 11 முறை ஜெயித்தவர். நூல் வியாபாரத்துக்காக ஈரோட்டிலிருந்து அந்தப் பக்கம் போய்வந்த காலத்தில்தான் இவர் பெயர் என் காதில் விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மரியாதையாகத்தான் பேசினார்கள்.

1962-ல் முதல் வெற்றி. நடுவில் 1972-லும் 1995-லும் தோற்றார், திரும்பவும் அதே மக்களிடம்தான் போய் நின்றார். கட்சி, விவசாயிகள் தொழிலாளர் கட்சி. மாநில அளவில் மிகச் சிறியது. காங்கிரஸுக்குப் போயிருந்தால் பெரிய பதவிகள் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு, அவர் போகவில்லை. 1978-ல் சரத் பவார் அமைச்சரவையிலும் 1999-ல் விலாஸ்ராவ் தேஷ்முக் அமைச்சரவையிலும் கொஞ்ச காலம் இருந்தார். மற்றபடி பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசைதான். எம்.எல்.ஏ. ஆன பிறகும் அரசு பஸ்ஸில் போவார் என்பதைத்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின.

என்னைக் கேட்டால், பஸ்ஸைவிட அவர் தண்ணீருக்காகச் செய்த வேலைதான் பெரிது. சாங்கோலா மழை மறைவுப் பகுதி. மேற்கே மலையில் கொட்டுகிற மழை கிருஷ்ணா நதியில் போய்விடும், இந்த மேட்டு நிலத்துக்கு ஏறாது. சுதந்திரப் போராட்ட வீரர் நாக்நாத் அண்ணா நாய்க்வடியோடு சேர்ந்து 1993-லிருந்து பக்கத்து ஆட்பாடியில் தண்ணீர் மாநாடுகள் நடத்தினார். நதி நீரை மேலே ஏற்றிக் கொடு, அதையும் நிலத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்காமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடு, நிலமில்லாதவருக்கும் பங்கு வை என்பது அந்த இயக்கத்தின் கோரிக்கை. நூறு ஏக்கர்காரரும் கூலிக்காரரும் ஓட்டுப் போடுகிற ஊரில் அதை வெளிப்படையாகச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். கிருஷ்ணா நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றும் டெம்பு நீர்ப்பாசனத் திட்டத்துக்கு அந்தப் போராட்டம் பெரிய உந்துதல்.

அப்புறம் சாங்கோலாவில் அவர் உருவாக்கிய கூட்டுறவு நூற்பாலை. வறட்சித் தாலுகாவில் விவசாயிகளையே பங்குதாரர்களாக்கி ஆலை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வயதாகிவிட்டதால் 2019-ல் அவர் நிற்கவில்லை. பேரன் நின்று மிகக் குறைந்த ஓட்டில் தோற்றார். 2021 ஜூலை 30-ல் கணபத்ராவ் காலமானார். 2024-ல் இன்னொரு பேரன் பாபாசாகேப் தேஷ்முக் அதே கட்சியில் நின்று சாங்கோலாவை மீட்டார்.