மான்ஸ்டர் முசுமே: தொடரலாமா, விடலாமா?

வணக்கம் நண்பரே. ‘மான்ஸ்டர் முசுமே’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரில் இரண்டு எபிசோடிலேயே கவர்ச்சிக் காட்சிகள் திகட்டிவிட்டன, போகப்போகக் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையாது. 12 எபிசோடும் அப்படித்தான்; ஹால் டிவியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

ஆனால் இதில் வரும் பாதி மனித, பாதி விலங்குப் பெண்களை யோசித்திருக்கும் விதம் அருமை. மியா பாதி பாம்பு, அதனால் காலைக் குளிர் அவளுக்கு ஆகாது, சூடு தேடி அலைவாள். கடற்கன்னி மேரோ தரையில் சக்கர நாற்காலியில்தான் வருவாள். நல்ல சிரிப்பெல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான். ஹீரோ கிமிஹிதோவும் வழிகிற ரகம் இல்லை, தன் வீட்டில் தங்கும் இந்தப் பெண்களுக்குப் பொறுப்பாகச் சமைத்துப் போடுகிறவன்.

குறை என்றால், இவர்களில் யாரைக் கட்டிக்கொள்வான் என்று கிளப்பிவிட்டு, கடைசியில் அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். புதுப்பெண் வருவாள், ரகளை, அப்புறம் அடுத்தவள். மேரோ வரும்வரை பாருங்கள். அப்போதும் சிரிப்பு வரவில்லையென்றால் விட்டுவிடலாம்.