அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாண்டா ஃபேயில் மியூசியம் தவிர வெளியே சுற்ற என்ன இருக்கிறது? வயதான பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

ஜூலையில் டாலஸிலிருந்து அப்பா அம்மாவோடு மூன்று நாள் போவதாக எழுதியிருக்கிறீர்கள். "அது ஓவியக் கடை ஊர், வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது" என்று நண்பர்கள் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சாண்டா ஃபேக்குப் போய் நாலு சுவருக்குள் சுற்றிவிட்டு வந்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள்.

தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஆனால் முதல் நாளே மலை மேல் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். போன வருடம் செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். அப்பாவுக்கு 68 வயது, தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். காலையில் ஆல்புகர்க்கியில் விமானம் இறங்கி, வாடகைக் காரில் ஒரு மணி நேரத்தில் சாண்டா ஃபே. அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே ஹைட் பார்க் ரோட்டில் மலைக்கு விட்டேன். அந்த ஒன்றிரண்டு வாரம்தான் அங்கே ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாக இருக்கும், ஒரு நாள்கூட வீணாகக் கூடாது என்று எனக்கு அவசரம்.

ஆஸ்பென் விஸ்டா என்ற அந்த இடம் நிஜமாகவே அழகு. வெள்ளை மரத்தண்டு, மேலே முழுக்க மஞ்சள், காற்று கொஞ்சம் அசைந்தாலும் இலைகள் சலசலவென்று தனித்தனியாக நடுங்கும். பாதையும் அகலமானது, செங்குத்து கிடையாது. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. சாண்டா ஃபே ஊரே 7,000 அடி. ஆஸ்பென் விஸ்டாவில் கார் நிறுத்தும் இடம் சுமார் 10,000 அடி, அதாவது 3,000 மீட்டருக்கு மேல். நம் தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் பத்துக்கு ஏழு பங்குதான் அங்கே கிடைக்கும்.

முக்கால் மைல் போயிருப்போம். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஒரு பாறையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "தலை கிறுகிறுன்னு வருதும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். உதடு கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக் கீழே கொண்டுவந்தோம். நேரே ஊரில் இருந்த ஒரு அவசரச் சிகிச்சை கிளினிக்குக்குப் போனோம். விரலில் கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்த்தார்கள், 86 சதவீதம் காட்டியது. ஒரு மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, "நாளைக்கு ஓய்வு, ஏற்றமே வேண்டாம்" என்று அனுப்பினார்கள்.

ஊட்டியும் 7,000 அடிக்கு மேல்தானே, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். ஊட்டிக்குப் போகிறவர் அதே நாள் மேலும் 3,000 அடி ஏறி நடப்பதில்லை. இங்கே காற்று வேறு பாலைவனக் காற்று. வேர்ப்பது தெரியாமலே உடம்பு வறண்டுவிடும். நான் டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் டிக்கெட் போடும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அப்பா வருவதற்கு முன்பே அவருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்து, முழுப் பணமும் கட்டியிருந்தேன். கிளினிக் பில் 1,100 டாலர். இன்சூரன்ஸ்காரர்கள் மூன்று மாதம் காகிதம் மேல் காகிதம் கேட்டுவிட்டு, அவருக்கு பிபி இருக்கிறது, அது பழைய நோய், அதனால் தர முடியாது என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். மலை உயரத்தில் வந்த மயக்கத்துக்கும் பிபிக்கும் தொடர்பில்லை என்று கிளினிக்கே எழுதிக் கொடுத்திருந்தது. ஊரிலிருந்து வரும் பெற்றோரை வைத்து இப்படிப் பணம் பண்ணுவது பாவம். பாலிசியில் 'பழைய நோய் திடீரெனத் தீவிரமானால்' என்ற பகுதியை ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டு எடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் பிளாசா என்கிற ஊர் நடுச் சதுக்கத்திலேயே இருந்தோம். 1610 வாக்கில் ஸ்பானியர்கள் கட்டிய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் துணி விரித்து வெள்ளி, நீலக்கல் நகைகளை விற்பார்கள். அவர்கள் கையால் செய்தவை. அப்பா அவற்றை விட்டுவிட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணு, வைக்கோல். நம்ம ஊர்ச் சுவர்தான்" என்றார். செப்டம்பர் ஆனதால் பச்சை மிளகாயைக் கம்பி உருளையில் போட்டு, கேஸ் தீயில் சுழற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் வெடித்துக் கருகுகிற அந்த வாசனை வந்ததும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

மூன்றாம் நாள் பண்டெலியர், பாறையைக் குடைந்து வாழ்ந்த பழங்கால வீடுகள் இருக்கிற பள்ளத்தாக்கு. உங்களுக்கு ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சாண்டா ஃபேயிலிருந்து ஒரு மணி நேரம். முக்கியமாக, அந்தப் பள்ளத்தாக்கு சாண்டா ஃபேயை விட ஆயிரம் அடி தாழ்வு. மூச்சு வாங்குகிறவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். நாங்கள் பக்கத்தில் வைட் ராக் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போனோம். கோடையில் பகல் நேரத்துக்குப் பெரும்பாலும் அதுதான் ஏற்பாடு, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிமலைச் சாம்பல் இறுகிய மெத்தென்ற பாறை அது. இந்தப் பகுதிப் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர் அதைக் குடைந்து அறைகள் செய்திருக்கிறார்கள். கி.பி. ஆயிரத்து நூறுகளில் குடியேறி நானூறு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். சில அறைகளுக்கு மர ஏணியில் ஏறலாம். உள்ளே கூரை முழுக்கக் கரி. அடுப்புப் புகைதான் உதிரும் பாறையை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது.

லாங் ஹவுஸ் என்ற இடத்தில் பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். பறவைக் கூடு என்று நினைத்து நான் தாண்டிப் போய்விட்டேன். அப்பா நின்றுவிட்டார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். "இது உத்தரம் உட்கார்ந்த குழிம்மா. பாரு, ஒரே மட்டத்துல போகுது. மேல இன்னொரு வரிசை. அப்ப மாடி வீடு இருந்திருக்கு." நாலடி தள்ளி வைத்திருந்த பலகையில் அதையேதான் எழுதியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் படித்துச் சொன்னதும், "ரசமட்டம் இல்லாம இத்தனை நேரா வச்சிருக்கான் பாரேன்" என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அல்கோவ் ஹவுஸ் என்று 140 அடி உயரத்தில் ஒரு குகை இருக்கிறது. நாலு நீள ஏணி. அதற்கு நான் மட்டும் போனேன். உங்கள் பெற்றோரைக் கீழே ஓடைக்கரை நிழலிலேயே உட்கார வையுங்கள்.

கூடாரம் மாதிரிக் கூம்புப் பாறைகள் நிற்கிற டென்ட் ராக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாலு வருடம் மூடியிருந்து 2024 நவம்பரில் திறந்திருக்கிறார்கள், முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள். ரியோ கிராண்டே ஆற்றில் படகு விடுவது இளசுகளுக்கு. உங்களுக்கு ஆசை என்றால் பெற்றோரை பிளாசாவில் விட்டுவிட்டு அரை நாள் போய் வாருங்கள். ஆஸ்பென் விஸ்டாவையும் விட வேண்டாம், மூன்றாம் நாள் காலையில் வையுங்கள், கால் மைல் நடந்து திரும்பினால் போதும்.

ஜூலை என்பதால் இன்னொன்று. அது அவர்களுக்கு மழைக்காலம். காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், மதியம் இடி மின்னலோடு கொட்டும். மலை மேல் போனால் பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். பண்டெலியரையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால வெயிலுக்காகத் தெற்குப் பார்த்துக் கட்டிய வீடுகள் அவை, லாங் ஹவுஸ் பக்கம் நிழலே கிடையாது. அப்பாவுக்கு ஒரு தொப்பி எடுத்து வையுங்கள்.