பொது மேலாளரும் ஊழியர்களின் புதிய யோசனைகளும்: கேள்வி பதில்

கேள்வி (பம்பு ஆலைப் பொது மேலாளர், கோவை): எங்கள் ஆலோசனைப் பெட்டியில் முதல் மாதம் நிறையச் சீட்டுகள் விழுந்தன, இப்போது ஒருவரும் எழுதுவதில்லை. பரிசுத் தொகையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். முன்பு எழுதியவர்களுக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் விசாரியுங்கள். சீட்டு எழுதியவர் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு அடுத்த சீட்டை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. டொயோட்டாவின் எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்காவிலுள்ள ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலையைப் பார்த்தார். அங்கிருந்த ஆலோசனைத் திட்டத்தைப் பின்பற்றி டொயோட்டா 1951இல் தொடங்கிய திட்டம் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு, சிறிய யோசனைகளைத் தொழிலாளியும் அவருடைய மேற்பார்வையாளருமே பேசிச் செயல்படுத்திவிடுவது முக்கியக் காரணம் என்பது என் கருத்து. உங்கள் சூப்பர்வைசர்களுக்கு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்க ஐயாயிரம் ரூபாய் வரை அதிகாரம் கொடுங்கள். ஏற்க முடியாத யோசனை என்றால், அதற்கான காரணத்தை ஒரு வாரத்துக்குள் எழுதியவரிடம் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி (உற்பத்தி மேலாளர், ஓசூர்): அன்றாட டார்கெட்டை முடிக்கவே ஷிப்ட் போதவில்லை. புதுமைக்கு நேரம் எங்கே?

பதில்: 3எம் நிறுவனம் தன் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிகளுக்கு ஒதுக்கியதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசைக்கு அது பொருந்தாது. அங்கே புதுமை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குத்தான் நேரம் வேண்டும். ஓர் ஆலையில் டிரில்லிங் மெஷின் ஆப்பரேட்டர் ஒருவர், வார்ப்பை நகராமல் பிடிக்கும் கிளாம்ப் அழுத்தி அதில் தழும்பு விழாமலிருக்க, பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து கிளாம்பின் தாடையில் சுற்றிக் கட்டியிருந்தார். அவருடைய மெஷினில் வந்த வார்ப்புகளில் மட்டும் தழும்பு இல்லை; பக்கத்து மெஷின்களில் வந்தவற்றை மறுபடியும் தேய்க்க வேண்டியிருந்தது. அது ஃபிக்ஸ்சர் (வார்ப்பைப் பொருத்திப் பிடிக்கும் அமைப்பு) வரைபடத்தில் இல்லாத மாற்றம் என்று, தணிக்கைக்கு முந்தைய நாள் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். அன்று பொது மேலாளர் அந்த வழியாக நடந்து, “இதை ஏன் கட்டினீர்கள், அண்ணே?” என்று கேட்டிருந்தால், அந்த ரப்பர் முறையாக வரைபடத்தில் ஏறி எல்லா மெஷின்களுக்கும் போயிருக்கும். தினமும் அரை மணி நேரம் ஷாப் ஃப்ளோரில் நடந்து, இத்தகைய ஒட்டுவேலைகளைத் தேடுங்கள்.

கேள்வி (மனிதவள அதிகாரி, சென்னை): முயற்சி தோற்றால் ஆண்டு மதிப்பீட்டில் அடி விழுமே என்று ஊழியர்கள் அஞ்சுகிறார்கள்.

பதில்: அந்த அச்சம் நியாயமானது, வாய்மொழி உறுதியால் அது போகாது. எவ்வளவு பணம், எத்தனை நாள், என்ன நேர்ந்தால் நிறுத்துவது என்ற மூன்றையும் முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதிப் பொது மேலாளர் கையெழுத்திட வேண்டும். அந்த எல்லைக்குள் நடக்கும் தோல்விக்குக் கையெழுத்திட்டவரே பொறுப்பு. டாட்டா குழுமம் புதுமைகளுக்கான தன் இன்னோவிஸ்டா போட்டியில், துணிந்து முயன்று வெற்றி பெறாத திட்டங்களுக்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறது. ஆனால் பாதுகாப்பு விதியை மீறியதால் வந்த விபத்தையும் இந்த முயற்சிகளையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி (ஜவுளி ஆலை நிர்வாகி, ஈரோடு): மேலிருந்து பெரிய இலக்கைக் கொடுத்தால் கீழிருந்து வரும் யோசனைகள் நின்றுவிடாதா?

பதில்: இலக்கை மட்டும் கொடுத்து வழியை அவர்களிடமே விட்டுவிட்டால் நிற்காது. மிக மெல்லிய கைக்கடிகாரம் வேண்டும் என்று டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்ஸஸ் தேசாய் விரும்பினார். ஓசூர் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து, கடிகாரத்துக்குள் இயங்கும் 1.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இயந்திரத்தை உருவாக்கினார்கள், 3.5 மில்லிமீட்டர் தடிமனில் ‘எட்ஜ்’ கைக்கடிகாரம் 2002இல் விற்பனைக்கு வந்தது. மேலிடம் அத்தனை ஆண்டுகள் பொறுமை காத்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். காலாண்டுக்கு ஒருமுறை இலக்கை மாற்றும் நிர்வாகத்தில் இது நடக்காது.

கேள்வி (இளம் பொறியாளர், திருச்சி): என் யோசனையை மேலாளர் தம் யோசனையாகக் கூட்டத்தில் சொல்கிறார். பொது மேலாளர் இதை எப்படித் தடுக்க முடியும்?

பதில்: யோசனை யாருடையதோ அவரே கூட்டத்தில் எழுந்து விளக்க வேண்டும் என்று பொது மேலாளர் விதி வைக்கலாம், அன்றைய குறிப்பேட்டிலும் அந்தப் பெயரே பதிவாக வேண்டும். காப்புரிமைவரை போகும் வேலையானால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைக் குறிப்பிடக் கோரலாம். அதற்குச் சான்றாக, தேதியிட்ட குறிப்புகளை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.