லைட் எரிஞ்சா சென்சார் மாத்திடணுமா? – கார் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என்னோடது பெட்ரோல் கார், மாஃப் சென்சார் (என்ஜினுக்குள்ள போற காத்தை அளக்கறது) உள்ள மாடல், 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. செக் என்ஜின் லைட் எரிஞ்சுது, ஸ்கேனர் போட்டா பி0171, மிக்ஸ்சர் லீனா இருக்குன்னாங்க. ஆக்ஸிஜன் சென்சார் மாத்தினாங்க, கொஞ்ச நாள்ல மறுபடி எரியுது. இப்ப பெட்ரோல் பம்ப் மாத்தணுமாம். ஐடில்ல லேசா உதறுது, ரோட்ல ஓடுறப்ப நல்லாத்தான் இருக்கு.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பம்ப்ல கை வைக்காதீங்க தம்பி. பி0171 சொல்றது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மிங்கறது வரைக்கும்தான், எதனாலன்னு அது சொல்லாது. அந்த விஷயத்தைக் கண்டுபிடிச்சு ஈசியூக்கு (என்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) சொன்னதே ஆக்ஸிஜன் சென்சார்தான், போலீஸ்ல புகார் குடுக்க வந்தவனையே உள்ள தூக்கிப் போட்ட கதையா அதைக் கழட்டிட்டாங்க.

ஈசியூல இருக்கறதை போனுக்கு அனுப்பற ஒரு சாதா ப்ளூடூத் டாங்கிள் வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல மாட்டுங்க. என்ஜின் நல்லா சூடானப்புறம் போன்ல ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கற கணக்கு) ரெண்டையும் எடுத்துப் பாருங்க. ரெண்டையும் கூட்டினா ஜீரோவுக்குப் பக்கத்துல இருக்கணும், பத்து சதவீதத்தைத் தாண்டி ப்ளஸ்ல நின்னா ஈசியூ பெட்ரோலை ஏத்தி ஏத்தி ஊத்திச் சமாளிக்குதுன்னு அர்த்தம். ஐடில்ல இருபதுக்கு மேல காட்டி, 2,500 ஆர்பிஎம் வச்சதும் அஞ்சு ஆறுக்கு இறங்கிட்டா மாஃபுக்கு அப்புறம் எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, வேக்கம் லீக். அதுக்கு நேர்மாறா, மேடு ஏறுறப்பவும் ஆக்ஸிலேட்டர் அழுத்துறப்பவும் ட்ரிம் ஏறினா அப்ப பம்ப், ஃபில்டர், அழுக்கு புடிச்ச மாஃப் இதுங்க மேல சந்தேகப்படலாம். உங்களுக்கு ஐடில்லதான் உதறுதுங்கறதால நான் லீக்குன்னுதான் நினைக்கறேன். (மாஃபுக்குப் பதிலா, காத்து உள்ள போற பக்கத்து அழுத்தத்தை அளக்கற மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே வராது, லீக் வழியா வர்ற காத்தையும் அது சேர்த்தே அளந்துடும்.)

முதல்ல பிசிவி ஹோஸைப் பாருங்க, என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை காத்து உள்ள போற பக்கம் கொண்டு போற குழாய் அது. மேல இருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், வளையற இடத்துல அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினாத்தான் வெடிப்பு மாட்டும். என்ஜின் ஓடுறப்பவே அந்த வெடிப்பை விரலால அமுக்கிப் புடிங்க, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம பார்த்துக்கங்க. போன்ல ஷார்ட் டெர்ம் ட்ரிம் சட்டுனு இறங்கினா விஷயம் முடிஞ்சுது, ஹோஸ் மாத்தினா போதும். அங்க ஒண்ணும் இல்லன்னா இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ். அப்பவும் கிடைக்கலன்னா ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ள விட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கறது) பண்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. சூடான என்ஜின் மேல கார்ப் க்ளீனர் அடிச்சுத் தேடுறவங்க உண்டு, தீப்புடிக்கற சமாச்சாரம், வீட்ல வேண்டாம்.

கேள்வி: செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுது, கோடு பி0301. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா போயிடுமா சார்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பி0301-ன்னா 1வது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம். கோடு அழியும்மா, கோளாறு அப்படியே இருக்கும். கூடவே கோளாறு வந்த நேரத்து ஆர்பிஎம், லோடு எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும், மெக்கானிக்குக்குத் துப்பே இருக்காது. லைட் மின்னுனா சும்மா விடக்கூடாது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே காலி பண்ணிடும், அது விலை அதிகம். ஓரங்கட்டி நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் (ப்ளக்குக்கு கரன்ட் குடுக்கறது) உள்ள வண்டின்னா 1வது காயிலை 2வதுல மாத்திப் போட்டு, கோடை அழிச்சு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பி0302 வந்தா, அதாவது கோளாறு 2வது சிலிண்டருக்கு மாறிட்டா, காயில்தான் போச்சு. பி0301 அப்படியே நின்னா அடுத்து ப்ளக்கை இதே மாதிரி மாத்தி வைக்கணும், அதுக்கப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

கேள்வி: டாங்கிளை எப்பவும் மாட்டியே வச்சிருக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தினமும் ஓட்டற வண்டின்னா பெருசா ஒண்ணும் ஆகாது. அந்த சாக்கெட்ல 16வது பின்னுக்கு பேட்டரில இருந்து நேரா கரன்ட் வருது, பல வண்டில சாவிய எடுத்தாலும் நிக்காது, டாங்கிளும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே இருக்கும். வாரக்கணக்குல வண்டிய நிறுத்தி வைக்கறீங்கன்னா கழட்டிடுங்க.