பதிவேட்டில் விடுபட்ட ஆள்

கேள்வி: சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் உதவிக் காப்பாட்சியராக இருக்கிறேன். பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது 'முடவன் கட்டைக்கால்', 'குருடன் படம்' என்றெல்லாம் தலைப்புகள் வருகின்றன. அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். 'முந்தைய பெயர்' என்று தனிக் கட்டம் போட்டு, பதிந்த ஆண்டோடு அதில் வையுங்கள். அந்தப் பொருளை அப்போது எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தச் சொல்தான் சாட்சி. பார்வையாளர் படிக்கும் குறிப்பில் மட்டும் அது வேண்டாம்.

சொல்லை மாற்றுவது சுலபம். என்னை உறுத்துவது வேறு. இத்தகைய பதிவுகளில் பெரும்பாலும் செய்தவர் பெயர் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும், பயன்படுத்தியவர் இருக்கமாட்டார். அந்தக் கட்டைக்காலைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? வாரில் பிறகு போட்ட துளை உண்டா? உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறதா? பார்த்ததை அப்படியே பதியுங்கள். எகிப்தில் கிடைத்த, ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமையான மரக் கால்விரல் ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. பூசாரி ஒருவரின் மகள் அணிந்தது. அவள் பாதத்துக்குப் பொருந்தும்படி அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். உறுத்துகிறது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். யாரோ காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

படங்களுக்கும் இதே கேள்விதான். 1644 வாக்கில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த அரசவைக் கோமாளி செபஸ்தியான் தெ மோரா, மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் தரையில் கால் நீட்டி அமர்ந்து, கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். 'குள்ளர்' என்று மட்டும் எழுதினால் அந்தப் பார்வை வீணாகிவிடும். பெயர் தெரிந்தால் முதலில் பெயர், பிறகு அவர் செய்த வேலை.

எலும்பு, உடற்பகுதி எதுவும் இருந்தால் அவசரப்பட்டுக் காட்சிக்கு வைக்காதீர்கள். மிக உயரமாக வளர்ந்த சார்லஸ் பைர்ன், தன் உடலைக் கடலில் சேர்த்துவிடச் சொல்லி 1783இல் இறந்தார். உடலைக் கைப்பற்றிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் பெயரால் அமைந்த லண்டன் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு நெடுங்காலம் நின்றது. 2023இல் மறுபடி திறந்தபோதுதான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். அதை இன்னும் கடலில் சேர்க்கவில்லை.

குறிப்பு எழுதி முடித்தபின் ஒப்புதலுக்காக மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிடாதீர்கள். எழுதுமுன்பே கூப்பிடுங்கள், உரிய ஊதியத்தோடு. செயற்கைக்கால் அணிகிறவர் ஒருவர் அந்தக் கட்டையை வாங்கிப் பார்த்தால், எங்கே புண்ணாக்கியிருக்கும் என்று விரல் வைத்தே காட்டிவிடுவார்.