கடற்பாசி சாப்பிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளுமா?

கேள்வி: வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறார். கடற்பாசியில் ரத்தத்தைத் திரள வைக்கும் பொருள் இருப்பதாகப் படித்தேன். நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசியை நிறுத்திவிடவா? தெரிந்தவர் ஒருவர் கடற்பாசி கேப்ஸ்யூல் வேறு தந்திருக்கிறார்.
- வாசகி, கீழக்கரை

நோன்புக் கடற்பாசியைத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் சீனியை மட்டும் பாருங்கள். கேப்ஸ்யூலை ஓரமாக வையுங்கள், அதற்கு வருகிறேன்.

நீங்கள் படித்தது லெக்டின் என்ற புரதத்தைப் பற்றி. கடற்பாசிச் சாற்றில் அது இருப்பதை 1966லேயே எழுதிவிட்டார்கள். சிவப்பணுக்களின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ரத்த வகை பார்க்கும்போது கண்ணாடித் தகட்டில் திட்டுத்திட்டாகத் திரளுமே, அதே காட்சிதான். காயத்தில் ரத்தம் உறைவது முற்றிலும் வேறு சங்கதி; மாத்திரை தடுப்பது அந்த உறைதலைத்தான். கொள்ளிலும் லெக்டின் உண்டு. ரத்த வங்கியில் ஏ ரத்த வகையின் உட்பிரிவுகளான ஏ1, ஏ2 இரண்டையும் பிரிக்க அதைத்தான் சொட்டுகிறோம்; ஏ1 திரளும். அதற்காகக் கொள்ளு ரசம் குடித்த ஏ1காரர் யாரும் திரண்டுபோகவில்லை. தகட்டில் நேரடியாகச் சொட்டுவது வேறு, வயிற்றில் செரிப்பது வேறு. தவிர, நீங்கள் காய்ச்சுவது பாசியைக் கொதிக்கவைத்து வடித்தெடுத்த அகர். அது புரதமே அல்ல.

வாப்பா விஷயத்தில் பார்க்கவேண்டியது வைட்டமின் கே. உலர்ந்த நோரி, வக்காமே போன்ற பாசிகளில் அது நிறைய. மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் இறங்கும், வால்வில் ரத்தம் உறையலாம். கீரைக்கும் இதே கணக்குதான். கீரையே கூடாது என்று அர்த்தமில்லை, அளவு ஒரே சீராக இருக்கவேண்டும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால்தான் வம்பு. திரும்பவும் சொல்கிறேன்: கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம்.

இனி அந்தக் கேப்ஸ்யூல். என்னிடம் கொண்டுவரப்படும் பாட்டில்கள் பலவற்றில் எந்தப் பாசி, எத்தனை மில்லிகிராம் என்றுகூட இருப்பதில்லை. 'ரத்த சுத்தி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். பழுப்புப் பாசியாக இருந்தால் அயோடின் அளவுக்கு மீறிப் போய்த் தைராய்டைக் கெடுக்கலாம். அதிலுள்ள ஃபியூகாய்டன் சோதனைக் குழாயில் உறைதலைத் தடுக்கும் சரக்கு. ஆக, ரத்தத்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. கேட்டால் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டுவார். அது வியாபாரம் செய்யக் கொடுத்த உரிமம், நோய் தீரும் என்ற சான்று அல்ல. இதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்பதில்லை; கடைசியில் ஐஎன்ஆர் தாறுமாறானபிறகு நோயாளி எங்கள் லேபுக்கு வருகிறார்.

வாப்பா ஏற்கெனவே சில நாள் விழுங்கியிருந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கவேண்டாம். இந்த வாரமே ஐஎன்ஆர் பாருங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாமல், பாட்டிலோடு இதய மருத்துவரிடம் போங்கள்.